அவர்களாகவே கேட்டு வாங்கிய டி.சி.

எத்தனை கோபம் வந்தாலும் என் உயிரான அப்பாவுக்கு,

நீங்கள் உட்கார்ந்த தலைமையாசிரியர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். "ஒரு பிள்ளையைக்கூட வெரட்டாத ஹெட்மாஸ்டர் மகதானே நீங்க?" என்று சின்னமனூர் கடைத்தெருவில் இன்னமும் கேட்கிறார்கள். போன வாரம் வரை பெருமையாக ஆமாம் என்றேன்.

ஒன்பதாம் வகுப்பு சதீஷ் கூடப் படிக்கிறவனை அடித்து உதட்டைக் கிழித்துவிட்டான். "டி.சி.யக் குடுத்து அனுப்புங்க மேடம். அடுத்த வருசம் பத்தாவது ரிசல்ட்டையும் கெடுத்துருவான்" என்றார்கள் ஆசிரியர்கள். அவன் அம்மாவை வரச் சொன்னேன்.

மேகமலை எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார் பேச்சியம்மாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே சொன்னார்.

"நீங்க சொல்லிச் சங்கடப்பட வேணாம் டீச்சர். நானே டி.சி. கேட்டுக்கிறேன். ஒங்க அப்பா இருந்தப்ப அதான வழக்கம்?"

எனக்கு விளங்கவில்லை. "யார் சொன்னது?" என்றேன்.

"சாருதான். எங்கண்ணன அனுப்புறப்ப, 'நான் வெரட்டுனா பேரு கெட்டுப்போகும், நீங்களா கேட்டு வாங்கிக்கங்க'ன்னாக. தன்மையாத்தான் சொன்னாக. டீ வாங்கிக் குடுத்தாக. எங்கய்யா கும்புட்டுட்டு வந்தாரு."

"அண்ணன் அப்புறம் எங்கே சேர்ந்தார்?"

"எங்கன சேர? ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருச்சு."

யார் பேர் கெட்டுப்போகும் என்று பயந்தீர்கள் அப்பா? அந்தப் பையன் பேரா, உங்கள் பேரா? நாலு பேர் முன்னால் அதட்டியிருந்தால்கூட அவன் வகுப்பிலேயே இருந்திருப்பானே. இப்படி எத்தனை வீட்டுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்? உங்களைப் பார்த்துத்தானே நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள். சண்டை போடக்கூட நீங்கள் இல்லை, அதுதான் வயிறு எரிகிறது.

டி.சி. கிடையாது என்று சொன்ன பிறகுதான் பேச்சியம்மாள் உட்கார்ந்தார். சதீஷ் அடிபட்டவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டான். இந்த மாதம் முழுக்க அவனுக்கு விளையாட்டு கிடையாது, சாயந்தரம் என் அறையில் கணக்குப் போடுகிறான். பாதிக்குப் பாதி தப்பு.

ஆசிரியர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அப்பா மாதிரி வராது" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

வராதுதான் அப்பா. இந்த நாற்காலியில் நான் இருக்கிற வரைக்கும் வரவிடவும் மாட்டேன். சத்தியம்.

இன்னமும் உங்களை அப்பா என்றே கூப்பிடும்
மூத்த மகள்