மாலை வகுப்புக்குப் போன மன்னர் படை அனுப்பாத காரணம்

திரு நிலவுக. வடமலை நாட்டின் குன்றுகள் அனைத்துக்கும் உரியவரும், பகைவர் கனவிலும் குதிரையேறி வருபவரும், விருந்தினர் இலையில் வெற்றிடம் பொறாதவருமான வேந்தர் பொறையரசர் திருமுன்பு, கருநீர் நாட்டு மூத்த அமைச்சன் தாழியூர் நல்லுடையான் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. தங்கள் யானைகளுக்கு மதம் அளவோடு பிடிக்க. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று கடல்மீதும், கோட்டைக் காளிமீதும், இவ்வமைச்சனின் எஞ்சியுள்ள பற்கள்மீதும் ஆணை.

தென்கரையார்மீது போர் தொடுக்க எம் படை உடனே புறப்பட வேண்டும், தவறினால் நட்பு அறுந்தது எனத் தாங்கள் விடுத்த ஓலை வந்த நாள்முதல் எம் மன்னர் கடம்பராயர் ஓரிடத்தில் அமர்ந்தாரில்லை. அரியணையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பால் வேண்டாம் என்றார். மகுடத்தைக் கழற்றி வீசினார். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் வீசினார். போனால் குடிகள் மடிவர், போகாவிட்டால் தங்கள் குதிரைகள் எம் வயலில் மேயும். இரண்டுக்கும் நடுவே அவர் பட்ட பாட்டைக் கண்டு அரண்மனையில் எவருக்கும் சோறு இறங்கவில்லை.

இறுதியில் அவர் முதியோர் கல்விக்கூடத்துக்குப் புறப்பட்டார். எம் நாட்டில் வேலை முடிந்த மாலையில் பெரியவர்கள் கூடி நாட்டுச் சாசனம் பயில்வதைத் தாங்கள் அறியாதிருக்கலாம். ஆள்பவரின் அதிகாரம் எதுவரை, மன்றத்தின் உரிமை எதுமுதல் என்பதே பாடம். வயது வந்தோரன்றி எவரையும் வாயிற்காவலர் உள்ளே விடார்; மன்னர் ஒருவருக்கே விலக்கு. ஓய்வுபெற்ற நீதியரசி ஆவுடைநாயகியார் கற்பிக்கிறார். அவர் குரல் கோட்டை அகழிவரை கேட்பதால், அங்குள்ள முதலைகளும் இப்போதெல்லாம் தண்டனை பெற்றவன் மேல்முறையீடு செய்துவிட்டானா என்று தெரியும்வரை வாய் திறப்பதில்லை.

அக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடிந்ததும் அதை நடித்துக் காட்ட வேண்டும். ஒருவருக்கு ஓலைமகுடம் சூட்டி அரசராக்குவர், மற்றவர் மன்றத்தார். அன்று மகுடம் உப்பு விற்கும் பேராச்சியின் தலையில் ஏறிற்று. மெய்யான மன்னர் மன்றத்தாருள் ஒருவராகப் பாயில் அமர்ந்தார்.

மகுடம் ஏறியதுதான் தாமதம், பேராச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எலேய், எல்லாரும் எந்திரிங்க! தென்கரையான் மேல படையெடுக்கோம். இப்பவே!"

"காரணம் சொல்லணும், பேராச்சி," என்றார் நீதியரசியார்.

"என் உப்பு கரிக்குதுன்னு சொல்லிட்டாம்மா அவன்!"

"ஏன்?" என்றார் மன்னர்.

"உப்புன்னா கரிக்கத்தான செய்யும்?"

"ஏன்?"

"இப்படி ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டிருந்தா படை எப்ப சாமி கெளம்பும்?"

இது வகுப்பு என்றறியாத முரசறைவோன் உலகன் அவ்வழியே போனான். 'படையெடுக்கோம்' என்ற சொல் காதில் விழுந்ததும் போர்முரசை அறைந்துவிட்டான். படைத்தலைவர் ஒற்றைக் காலில் கழலுடன் ஓடிவந்தார். யானைகள் கோட்டை வாயிலை அடைந்தன. உப்புக்காரி ஆணையில் ஒரு நாடே போருக்குப் போகவிருந்தது.

எம் மன்னர் ஓடினார். முன்னே வந்த பட்டத்துயானையின் காலடியில் கைகளை விரித்து நின்றார். "மன்றத்தைக் கேட்டீங்களா?" என்று அவர் வினவ, யானை சற்றே சிந்தித்து, கேட்கவில்லை என்று தலையாட்டித் திரும்பிற்று.

ஆனால் படைத்தலைவர் திரும்பவில்லை. அவர் மண்டியிட்டு, உப்புக்காரி ஆணை செல்லாதெனில் மன்னரே ஆணையிடலாமே, வடமலையாரின் நட்பும் காக்கப்படுமே என்று பணிவுடன் விண்ணப்பித்தார். ஊரே மன்னரின் வாயைப் பார்த்து நின்றது. ஒரு சொல் போதும், படை நகர்ந்துவிடும். மன்னருக்கு உதடு துடித்தது.

"பொன்மகுடமானாலும் ஓலைமகுடமானாலும் பாடம் ஒண்ணுதான்," என்றார் நீதியரசியார்.

மன்னர் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். "நான் மாட்டேன். மன்றம் சொல்லட்டும்," என்றார். எவர் தூக்கியும் எழவில்லை.

மறுநாள் மன்றம் கூடித் தங்கள் ஓலையைத் திருப்பித் திருப்பி வாசித்தது. போர் எப்போது என்று அதில் இருந்தது. எதற்கு என்று இல்லை. ஆகவே வேந்தே, காரணத்தை எழுதி மன்றத்துக்கு விடுப்பீராக. அது வந்து, வாசித்து, வாதிட்டு, ஒப்பும்வரை எம் நாட்டுக் குதிரை ஒன்றும் எல்லை தாண்டாது. இது மன்றத்தின் முடிவு. இதை மீறத் தமக்கு அதிகாரமில்லை என்பது மன்னரின் திருவுளம். நண்டு முத்திரை பொறித்து, மஞ்சள் நூல் சுற்றி, இவ்வோலை தங்கள் தூதுவர் கையிலேயே தரப்பட்டது. தங்கள் கொடி தாழாதிருக்க. தங்கள் வாள் உறையிலேயே ஓய்வெடுக்க.

அரண்மனையில் நிகழவிருக்கும் விழாவுக்கும் தாங்கள் சுற்றம் சூழ எழுந்தருள வேண்டும். வரும் ஆவணியில் எம் மன்னருக்கு நான்கு வயது நிறைகிறது.