சும்மா, கூடமாட ஒத்தாசை

ரெம்பாங்,
ஜூன் 12, வியாழன்

அன்பு மகள் விலுஜெங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜாவாக் கடலின் குளிர்ச்சிக்கு முழுப் பொறுப்பாளனும், கோடானுகோடி மீன்களின் இறுதி ஊர்வலத்துக்குக் காவலனும், உன் தகப்பனுக்கு அண்ணனும், நீ ஏழு வயதில் ஒரு துணிமூட்டையோடு இந்த வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து உனக்குத் தகப்பனுமாகிய உன் பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் தலைமுதல் கால்வரை நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உடம்பு சரியில்லாத பிள்ளையைத் திட்டினால் பாவம் வந்து சேரும், இந்தக் கடிதத்தில் நான் உன்னைத் திட்டப்போகிறேன். காய்ச்சல் கீய்ச்சல் இருந்தால் இதை இப்படியே வைத்துவிட்டு, குணமான பிறகு எடுத்துப் படி. ஆனால் பத்தொன்பதாம் தேதிக்குள் குணமாகிவிடு.

போனில் திட்டினால் ஆகாதா என்று கேட்பாய். நான் குரலை உயர்த்தின உடனே உன் பக்கம் லைன் கெட்டுப்போய்விடுகிறது. பெரியம்மா பேசினால் ஆஸ்திரேலியா பக்கத்துத் தெருவில் இருப்பதுபோலக் கேட்கிறது, என் கோபம் மட்டும் கடலில் விழுந்துவிடுகிறது. காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. எழுதி முடித்ததும் லாஸ்மி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், லாஸ்மி யார் என்று பின்னால் வருகிறது. முதலில் வீட்டுச் சேதி. உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் என்னைத் துரத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது. பெருநாளைக்கு உன் பங்கு ஆட்டிறைச்சியையும் நானே தின்று உனக்காக ஏப்பம் விட்டேன். கடல் தண்ணீர் இப்போதெல்லாம் மதியமானால் தெருவுக்குள்ளேயே வந்துவிடுகிறது, போன வாரம் இரண்டு திமிங்கலம் நம் வாசலில் நின்று வழி கேட்டுவிட்டுப் போயின. அது எதிர்வீட்டுக்காரரின் ஒரு ஜோடி செருப்பு என்கிறாள் உன் பெரியம்மா, பாவம், அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது.

சரி, சேதி முடிந்தது. இனி நேராக உட்கார். நிங்ரும் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, உன்னோடு ஒரே இறால் பண்ணையில் பொட்டலம் கட்டுகிறவள், ஒரே அறையில் தூங்குகிறவள், நீ சொல்லாமல் மறைப்பதை அவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குஞ்சு பொரிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை காலியானதாம், நான்கு பேர் உட்கார்ந்து உன்னை எதிரே உட்காரவைத்து, உன் வேலை என்னவென்று சொல் என்று இங்கிலீஷில் கேட்டார்களாம். நீ கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து, “சும்மா, எல்லாருக்கும் கூடமாட ஒத்தாசையா இருப்பேன்” என்றாயாம். ஒத்தாசை! நாலு வருஷமாக அந்த இறால் குஞ்சுகளுக்குத் தாயும் தாதியுமாக இருக்கிறவள்! மின்சாரம் போய்க் காற்றுப் பம்பு நின்ற அன்றைக்கு, மற்றவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்க, நீதான் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போய்க் காற்று கொடுத்தாயாம். “அவ இல்லைன்னா ஒரு குஞ்சுகூடத் தேறியிருக்காது பெரியம்மா” என்று நிங்ரும் அழுதாளாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில் நாற்பது பாளம் உருகிவிட்டது.

நீ செய்த தப்பு எது என்று உனக்குத் தெரியுமா? இங்கே ஒருவர் “ஏதோ ஒத்தாசை” என்று சொன்னால், கேட்டவர் உடனே “அட, அப்படிச் சொல்லாதீங்க, நீங்க இல்லாட்டி எதுவும் நகராதே” என்று சொல்லியாக வேண்டும். முதல் பாதி நம்முடையது, மறுபாதி அவர்களுடையது, இரண்டும் சேர்ந்தால்தான் மரியாதை. நீ முதல் பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஊரில் அந்த மறுபாதி கிடையாதடி! ஒத்தாசை என்றால் அவன் ஒத்தாசை என்றே எழுதிக்கொள்கிறான். எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, கிரெக்கைக் கூப்பிட்டிருக்கிறான். மைக்ராஸ்கோப்பில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று நீ சொல்லிக்கொடுத்த கிரெக்! அவன் வெளியே வரும்போது அந்தப் பண்ணையையே அவன்தான் தோண்டினான் என்று அந்த நான்கு பேரும் நம்பியிருப்பார்கள். அதிலும் ஒரு புண்ணியவதிக்குச் சந்தேகம் வந்து, இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை உன்னை இன்னொரு தரம் கேட்கலாம் என்றால், நீ போகமாட்டேன் என்கிறாயாம். “கொடுத்தா கொடுக்கட்டும், நாமளே நம்மளைப் பத்தி எப்படிச் சொல்லிக்கிறது” என்றாயாம். பற்றி எரிகிறது எனக்கு.

இப்போது லாஸ்மி. கப்பலில் ஆறு வருஷம் சலவைப் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பிய பெண். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் ஏலக் கொட்டகையில் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறாள், வேலையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள், நானும் ஐந்து மாதமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை, ஒருநாள் போனில் இங்கிலீஷில் பொழிந்து உன்னை மயங்கி விழவைக்கலாம் என்று இருந்தேன். முதலில் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள், அதில் எல்லோரும் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போகிறார்கள், ஐஸ் செய்கிறவன் ஒருவன்கூட இல்லை. அதை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து உங்கள் வேலையைச் சொல்லுங்கள் என்றாள். முப்பது மீட்டர் படகு கட்டுகிற சுகார்ஜோ எழுந்து “கொஞ்சம் மரம் தட்டுவேன்” என்றார். இந்தத் துறைமுகத்தின் பாதிப் பேரை வெளியே இழுத்துப்போட்ட மருத்துவச்சி “பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்” என்றாள். லாஸ்மிக்கு வந்ததே கோபம். “இந்த ஊர்ல யாருமே வேலை செய்யலையா? அப்ப அந்தப் படகையெல்லாம் கட்டினது யாரு, ஜின் பூதமா? புள்ளைங்க எல்லாம் தானா நடந்து வந்துச்சா?” என்று கத்தினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் இவர்களைப்போல இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் சிரித்தேன். காப்பிக் கடையில் என் வாயைக் கேட்டிருக்கிறாயே, நான் தும்மினால் மடுராத் தீவு வரைக்கும் மீன் அழுகும் என்கிறவன் அல்லவா.

இனி வருவதை உன் பெரியம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை, மீன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய ஒரு சோதனை அம்மா ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். உயரமானவள், கையில் அட்டை, காலில் என்னுடையதைவிடப் பெரிய பூட்ஸ். மேனேஜர் விட்யோ பின்னாலேயே வந்தார். ஆபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்று எழுத அவள் ஒவ்வொருவரையும் விசாரித்தாள். என்னிடம் வந்து, மெதுவாக, எனக்குப் புரியும்படி, இங்கே உங்கள் வேலை என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். ஐந்து மாதம் படித்த அதே கேள்வி! பதில் தொண்டை வரைக்கும் வந்தது மகளே. அதற்குள் என் முதுகு தானாக வளைந்துவிட்டது, கை இரண்டும் முன்னால் கோத்துக்கொண்டன, மேனேஜர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கிலீஷில் சொன்னேன், கொஞ்சம் ஒத்தாசை, சின்னச் சின்னதாக, என்று. அவள் நன்றி சொல்லி அடுத்தவனிடம் போனாள். அடுத்தவன் ரூடி, வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆன பொறியாளர். ஐஸை உறையவைக்கிற அமோனியா வாயுவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னான். பெருநாள் முடிந்து வந்து பார்த்தால் சுவரில் புதுப் பலகை, வாயு கசிந்தால் அழைக்க வேண்டியவர் ரூடி என்று. நம் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் அந்தக் குழாய்கள் ஓடுகின்றன. எந்த வால்வை முதலில் மூடுவது என்று ரூடிக்குத் தெரியாது. அவனே என்னிடம் வந்து, பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு, “பாக், எந்த வால்வை முதல்ல மூடணும்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க” என்றான்.

அன்றைக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் உன்னைத் திட்டினேன், பிறகு ரூடியை, பிறகு அந்த பூட்ஸை. திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோன பிறகுதான் என் ஞாபகம் வந்தது. உனக்கு ஒன்பது வயதில் வகுப்பில் முதலாவதாக வந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாயே, அன்றைக்கு உன் கையைக் கிள்ளி, “ஏதோ கெடைச்சிது, அவ்வளவுதான்னு சொல்லு” என்று சொல்லிக்கொடுத்தது யார்? ஜாவாக் கடலின் பொறுப்பாளர்தான். காப்பிக் கடையில் நான் அளக்கிறேனே, அதுவும் வீரம் இல்லை என்று இப்போது தெரிகிறது. மடுரா வரைக்கும் மீன் அழுகும் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பாததைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டாம். மலையளவு சொல்வதும் கடுகளவு சொல்வதும் எனக்குச் சுலபம், உள்ளதை உள்ள அளவில் சொல்லத்தான் இந்த வாய்க்கு இதுவரை பழக்கம் இல்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது என் விரல் உன் கையைக் கிள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்காகவும் உன்மேல் கோபமாக இருக்கிறேன், என்மேல் கோபப்படுவதைவிட அது எனக்கு வசதி.

திங்கட்கிழமை விட்யோவின் அறைக்குப் போனேன். பலகையில் பெயர் தப்பு என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “பாக் தர்சோனோ, உங்க வாய்க்கு நேராத்தானே கேட்டாங்க? ஒத்தாசைன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அந்தம்மா முன்னாடி உங்களைப் பொய்யன்னு சொல்லவா?” என்றார்.  பிறகு சிரித்துக்கொண்டே, “அடுத்த வாரம் புதன்கிழமை அவங்க போன்ல வருவாங்க, நீங்களே பேசுங்களேன், பேசுவீங்களா?” என்றார். பேசமாட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். 

லாஸ்மியிடம் ஓடினேன். நான் எழுதிக்கொண்டுபோனதில் கடலும் புயலும் இருந்தன, எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். “பாக், நீங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்க” என்றாள். மிஞ்சியது ஏழு வரி. இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், உனக்கு நம் பேச்சில் எழுதுகிறேன். என் பெயர் தர்சோனோ. இந்த ஐஸ் கம்பெனியின் இயந்திரங்களை முப்பத்தொரு வருடமாக நான் ஓட்டுகிறேன். அமோனியா போகிற எல்லாக் குழாயும் எனக்குத் தெரியும். கம்ப்ரஸரின் சத்தம் மாறினால் காரணத்தை நான் கண்டுபிடிப்பேன். இரண்டு முறை வாயு கசிந்தது. இரண்டு முறையும் வால்வை மூடியது நான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, ஒரு திமிங்கலம்கூட இல்லை. எனக்காக லாஸ்மி நேற்றே வகுப்பைக் கூட்டினாள், அங்கே இதை முதல் தரம் சத்தமாகச் சொன்னபோது, ஆயுள் முழுக்கப் புளுகியும் வராத வெட்கம் வந்து காதெல்லாம் சிவந்துவிட்டது. மருத்துவச்சி எழுந்து நின்று, “ஆமா, வாயு கசிஞ்ச அன்னைக்கு நானும் அந்தத் தெருவுலதான் இருந்தேன்” என்றாள். 

ஆகவே இது ஆணை, வேண்டுகோள் இல்லை. நான் பதினெட்டாம் தேதி புதன்கிழமை பேசுகிறேன். நீ இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் போய் உட்காருகிறாய். முதுகு வளைந்தால் வளையட்டும், என்னுடையதும் வளையும், வாய் மட்டும் வளையக் கூடாது. உனக்கும் ஏழு வரி. அதில் பம்பு நின்ற நாள் கட்டாயம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வரியிலும் நீ இருக்க வேண்டும், ஒத்தாசை என்ற சொல் எங்காவது தென்பட்டால் நீந்தியே அங்கே வந்துவிடுவேன். வேலை கிரெக்குக்கே போனால் போகட்டும், அவனைவிட உனக்குக் குறைவாகத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. புதன்கிழமை எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் அதையும் மறைக்காமல் அன்றைக்கே சொல்வேன், அப்போதும் நீ போக வேண்டும்.

நூடுல்ஸையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நிங்ருமின் அம்மா வழியாகப் பெரியம்மா இறால் விழுது அனுப்பியிருக்கிறாள், அறையில் சன்னலைத் திறந்துவைத்து வறு, போன தடவைபோலத் தீயணைப்பு வண்டி வரவேண்டாம். தொழுகையை விடாதே. அல்லா உன் நாக்குக்கு பலத்தையும் உன் கைக்கு நிதானத்தையும் தரட்டும், பெரியம்மா உன் நெற்றியில் முத்தம் வைக்கச் சொன்னாள், வைத்தாயிற்று. மறக்காதே, புதன்கிழமைக்கு முன்னால் உன் ஏழு வரி எனக்கு வந்துசேர வேண்டும். பேசும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

வஸ்ஸலாம்.

தர்சோனோ
ஹெட் மெக்கானிக்
ஐஸ் கம்பெனி, ரெம்பாங்