சில்லுச் சின்னையாவின் ஆறாவது கட்டம்

மகள் கார்ப் பந்தயம் ஓடுவது எனக்கு வெட்கமாம். அதனால்தான் சனிக்கிழமை பார்க்கப் போக மறுக்கிறேனாம். இந்த அந்நிய நகரத்தில் லாசாலிலிருந்து லோங்கேய் வரை நம்மவர்கள் இப்படித்தான் கதைக்கிறார்கள். அது பிழை. எனக்கு வெட்கமில்லை, பயம். நீங்கள் படம் கீறிய அதே சஞ்சிகையில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் இறந்த பிறகும், கணவருக்கு எழுதுவதாக நினைத்தால்தான் எனக்கு உள்ளது உள்ளபடி வருகிறது.

நேற்று அவள் கை முழுக்கப் பெயின்ற் மணத்தோடு வந்தாள். உங்கள் மேசையில் எப்போதும் இருந்த மை மணம் போலவே மூக்கில் ஏறியது.

"அம்மா, கார்க் கதவில அப்பான்ர படம் கீறியிருக்கிறன். பாருங்கோ." கைபேசியை நீட்டினாள். உங்கள் கடைசிச் சித்திரக்கதை. ஐந்து கட்டங்கள், பிறகு வெறும் வெள்ளையாக ஒன்று.

நாம் இங்கு வந்த முதல் கோடையில், உங்களோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் தந்த இலவச நுழைவுச் சீட்டில்தான் முதன்முதலாகக் கார்ப் பந்தயம் பார்த்தோம். புழுதி, இரைச்சல். நசுங்கிய கார்கள் வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு, "இடப்பக்கமே திரும்பித் திரும்பி எந்தக் காலம் வீட்டை போய்ச் சேருறது?" என்றேன். நீங்கள் கண்ணீர் வரச் சிரித்தீர்கள். அடுத்த மாதம் உங்கள் சித்திரக்கதையில் சாரமும் ஹெல்மெற்றும் அணிந்த சில்லுச் சின்னையா பிறந்தார். பக்கத்து இருக்கையில் குடையோடு அவர் மனைவி, என் வசனத்தை அப்படியே சொன்னாள். அந்தக் குடை யாருடையது என்று மாதா கோயிலில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் கோபிக்கவில்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தித்தான் அனுப்பினேன்.

ஒரேயொரு சட்டம் வைத்தேன். ஐந்தாவது கட்டத்தில் கார் எப்படியும் சிதறலாம். ஆறாவதில் சின்னையா தன் காலில் நிற்கவேண்டும். பிள்ளை பார்க்கிறாள் என்றேன். மாதாமாதம் அவரும் ஸ்டியரிங் வளையத்தைக் கழுத்தில் மாட்டியபடி எழுந்து நின்று, "ஒண்டுமில்லை. தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். மகள் எப்போதும் ஆறாவது கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எந்தக் கார் புரண்டாலும் ஆள் எழும்பி வந்துவிடும் என்று அவளுக்குப் படிப்பித்தது நாம் இருவரும்தான். இப்போது இரவும் பகலும் இதுவே நெஞ்சை அரிக்கிறது.

அந்தக் கடைசி மாதம் கார் தலைகீழாகக் கிடந்தது. கழன்ற சில்லு ஒன்று மட்டும் தனியே உருண்டு போனது. பேனாவை வைத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்:

"இஞ்சாரும், இந்த முறை ஆளைக் கீறாமல் விடட்டோ?"

"கூடாது."

"சனம் ஒருக்கா யோசிக்கட்டுமே."

"யோசிக்கிற ஆக்கள் வேற புத்தகம் வாசிக்கட்டும்."

"சரி டீச்சர், பேந்து பாப்பம், நாளைக்கு," என்று சிரித்தீர்கள். மறுநாள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிறகு நீங்கள் பேனா பிடிக்கவில்லை.

"அந்தக் கட்டத்தை ஏன் வெறுமையாய் விட்டனி?" என்று மகளிடம் கேட்டேன்.

"அதை நான் ஓடி நிரப்புவன், அம்மா. நீங்கள் குடையோட வந்து இருந்தால் போதும்."

சகுனம் பார்ப்பது மூடத்தனம் என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஆனாலும் நேற்றிரவு பென்சிலை எடுத்து, அந்த மூலப் படத்தின் வெள்ளைக் கட்டத்தில் இரண்டு கால்கள் கீறிப் பார்த்தேன். நிற்கிற கால்களாக வரவில்லை. அழித்துவிட்டேன். அந்தத் தாள் இப்போது என் கைப்பையில், செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. சனிக்கிழமை அதையும் குடையையும் கொண்டு போவேன். போகாமல் வீட்டில் இருந்து தொலைபேசி மணிக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

கடைசி வாரத்தில் பலர் உங்களைப் பார்க்க வந்தார்கள். ஆறாவது கட்டத்தில் என்ன கீற நினைத்தீர்கள் என்று அவர்களில் எவரிடமாவது சொல்லியிருந்தால், இதை வாசிக்கும் அவர் எனக்கு அறியத்தரவேண்டும். தொலைபேசியில் வேண்டாம். சின்னையா எழும்பினாரா இல்லையா என்பதை ஒரு வரியில், எழுத்தில் அனுப்பட்டும்.