கரும்புக்குள் ஒளிந்தவர்

ஐயா,

இன்று காலை பள்ளி அலமாரியை ஒழித்தபோது உங்கள் மூக்குப்பொடி டப்பா உருண்டு விழுந்து திறந்துகொண்டது. விடாமல் ஒன்பது தும்மல். நீங்கள் செத்து வருஷம் ஒன்றாகிறது, இன்னும் என் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறீர்கள். உங்களுக்காக நான் விட்ட கண்ணீர் அவ்வளவுதான். ‘ஐயா’ என்பதும் பழக்கதோஷம், மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் படத்தைப் பள்ளியில் மாட்டிய அன்று நகராட்சித் தலைவரான மேர் பேசினார்: “பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்த பெருமகன் நம் தலைமையாசிரியர்.” வரவழைத்தீர்கள்தான், யார் இல்லை என்றது? மாதம் ஒரு வியாழக்கிழமை, பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, தலையாரியை வீடு வீடாக அனுப்புவீர்கள். அவன் வாசலில் நின்று, “பள்ளிக்கூடத்துல கூப்டறாங்க” என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போவான். எதற்கு என்று சொல்லியனுப்பினால் உங்கள் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும்.

குருவிநத்தத்திலிருந்து என் அப்பாவும் அப்படித்தான் ஒருமுறை வந்தார், கழனியிலிருந்து சேற்றுக்காலோடு. எனக்குப் பத்து வயது. கணக்கில் நான் மோசம். எல்லோர் முன்னிலையிலும் பிரம்பை அவர் கையில் திணித்தீர்கள்.

“நான் அடிச்சா என்னைத் தப்பு சொல்லுவீங்க. நீயே அடி.”

“புள்ள மேல கை வெச்சதில்லீங்க ஐயா.”

“அப்ப பேர எடுத்துடறேன். இட்னு போயி மாடு மேய்க்க வுடு.”

அப்பா பிரம்பை ஓங்கினார். முதல் அடி என் மேல் படவேயில்லை. “இன்னாப்பா, அடிக்கிறியா, தடவறியா?” என்றீர்கள். காத்திருந்த மற்ற அப்பன்மார்கள் சிரித்தார்கள், அடுத்து தங்கள் முறை என்று தெரிந்தும். பிறகு அப்பா நிஜமாகவே அடித்தார். என் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்றுதான் அடித்தார். அது எனக்கு அப்போதே தெரியும். நீங்களோ அதைப் பெற்றோர் ஒத்துழைப்பு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டீர்கள். தூ!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இனிமே அந்த ஆளு கூப்ட்டா நான் ஊர்லயே இல்ல.”

மூன்று வருஷம் கழித்து, ஆரம்பப் படிப்பை முடிக்கிற செர்த்திபிக்கா பரீட்சையில், சுற்றுவட்டார ஊரெல்லாம் சேர்ந்த கொம்யூனிலேயே முதலாவதாக வந்தேன். புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை பரிசு கொடுக்க வந்தார். அவருக்குக் காட்ட உங்களுக்குப் பெற்றோர் தேவைப்பட்டார்கள். யார் முதல் என்பதை, என்னிடம்கூடச் சொல்லாமல், கமுக்கமாக வைத்திருந்தீர்கள். நான் விடிந்ததிலிருந்து பள்ளியில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். தலையாரி எங்கள் வீட்டுக்குப் போய் அதே வரியைச் சொல்லிவிட்டு வந்தான்.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டீர்கள். பையனின் தகப்பனார் எங்கே என்று துரை கேட்டார். பெஞ்சிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு, இந்த ஜனங்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையே கிடையாது என்று பிரெஞ்சில் சொன்னீர்கள். அது புரிகிற அளவுக்குப் பிரெஞ்சை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். என்ன ஜென்மமய்யா நீர்!

பொழுது சாயும் நேரத்தில் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து வெளியே வந்தார். கைகால் முழுக்கக் கரும்புச் சோகை அறுத்த கோடுகள். தலையாரி வந்துபோனதிலிருந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். என் கையிலிருந்த பரிசுப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

“எத்தினி அடி அடிக்கச் சொன்னான்டா?”

நடந்ததைச் சொன்னேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “அதுக்காடா கூப்ட்டான்? அதுக்கா?” என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் உங்களை மன்னிக்கவில்லை, இனி மன்னிப்பதாகவும் இல்லை.

இப்போது உங்கள் நாற்காலியில் நான். பிரம்பை முதல் நாளே அடுப்பில் வைத்துவிட்டேன். தலையாரியை அனுப்புவதில்லை, பெற்றவர்களைப் பார்க்க நானே நடந்து போகிறேன். என்ன பிரயோஜனம்? வாத்தியார் தலை தெரிந்ததும் கொல்லையில் நிற்கிற ஆள் சரசரவென்று கரும்புக்குள் புகுந்துவிடுகிறார். நீங்கள் சேர்த்துவைத்துவிட்டுப் போன சொத்து இது. போன வாரமும் அப்படித்தான். நான் வரப்பில் நின்று கரும்பைப் பார்த்துக் கத்தினேன்: “யோவ், உம் புள்ள நல்லாப் படிக்குதுய்யா! அதச் சொல்லத்தான் வந்தேன்!”

உள்ளே ஓடிய சரசரப்பு நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது:

“அடிக்க வேணாங்களா?”