ரேகா எங்கேயும் போக வேண்டாம்

அன்புள்ள நைனாவுக்கு,

கோமளா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போன வாரம் பனியில் வழுக்கி விழுந்ததில் கை லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி பெண்டாட்டியைப் பற்றி அம்மா போனில் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. "மாசமா இருக்கசொல்லோ காசிமேட்டு மீன் ஏலத்துல நின்னு கத்துனா. வயித்துப் புள்ள கொரலையும் சேத்து கத்தித் தீத்துட்டா. ரேகா அவ ஆத்தா வூட்டுக்கே போவட்டும்." ஏலத்துக்கு அவளை அனுப்பியது யார், நைனா?

வேண்டாத மரபணுக்களை அணைத்து வைக்க மூளையில் ஒரு புரதம் இருக்கிறது. குழந்தை சினேகாவுக்கு அதில் பழுது என்று ரத்தப் பரிசோதனையே சொல்லிவிட்டது. பேச்சு நின்றதும், ஓயாமல் கையைப் பிசைவதும் அதனால்தான். இந்தப் பழுது பெரும்பாலும் தகப்பன் தரும் உயிரணுவில் தானாக நேர்வது. அதற்காக ரவியை வீட்டை விட்டு அனுப்புவீர்களா? அது அவன் குற்றமும் இல்லை. ஆனால் மனைவியைத் தூற்றும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அவன் குற்றம்தான்.

இங்கே கிடைக்கும் மீனில் ருசியே இல்லை. கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். பார்சலில் முகவரியை ரேகா எழுதட்டும். வேறு கையெழுத்தில் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

கோமளா