ஏலக் கொட்டகைச் சிலையின் வயிற்றைப் பூச வேண்டாம்

அனுப்புநர்:
ராணியம்மாள், வயது 43,
க/பெ. பச்சமுத்து,
மீன் விற்பவள், மீனவர் குப்பம்,
முதுநகர், கடலூர்.

பெறுநர்:
கலெக்டர் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா, கடலூர்.

பொருள்: மீன் ஏலக் கொட்டகை முன்புள்ள பெண் சிலையின் வயிற்றைச் சிமெண்டு பூசி மாற்றுவதை நிறுத்தக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. சிதம்பரத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் சாரதாம்பாள் அம்மா, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டதன் பேரில் மீன்காரி சிலை ஒன்றைச் சிமெண்டில் செய்து, சென்ற ஆனி மாதம் கொட்டகை முன் நிறுத்தினார். அதற்கு முன் ஒரு மாதம் எங்களோடு மணலில் உட்கார்ந்திருந்தார். "இந்தம்மா என்னாத்த இப்புடிப் பாக்குறாங்க" என்று நாங்கள் சிரித்ததும் உண்டு.

2. கூடையை இறக்கிவிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை இல்லை. வயிறு மடிப்பு மடிப்பாகச் சரிந்து, பிள்ளை பெற்ற கோடுகள் தெரிகின்றன. நான் வருஷந்தோறும் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போகிறவள். கோபுர வாசலில் கல்லில் ஆடும் பெண்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்; ஒருத்திக்கும் அந்த வயிறு இல்லை. அதைச் சிலையில் செய்யலாம் என்பதே எனக்குத் தெரியாது. பார்த்த அன்று ஏலம் கேட்கவும் மறந்து நின்றேன்.

3. பிழை என்னுடையது. அது என் வயிறாகவே இருந்தபடியால் கூச்சம் தாளாமல், ஆடி முதல் வெள்ளியன்று என் புடவையைச் சிலைக்குச் சுற்றினேன். கைக்குக் கிடைத்தது மஞ்சள் புடவை. மறுநாள் யாரோ குங்குமம் வைத்தார்கள். அடுத்த வெள்ளி எலுமிச்சை மாலையும் கூழும் வந்துவிட்டன. இப்போது அது அம்மன்.

4. அம்மனுக்குப் பிள்ளை பெற்ற வயிறு ஆகாது என்று, வரும் வெள்ளிக்கிழமை கொத்தனார் கோவிந்தசாமியை வைத்து வழவழப்பாகப் பூசி வர்ணம் அடிக்கப் போகிறார்கள். பூச வேண்டாம், புடவையை அவிழ்த்துவிடலாம் என்றதற்குப் பஞ்சாயத்தார், "கட்டுனதும் நீ, அவுக்கச் சொல்றதும் நீயா?" என்று கேட்டார்கள். சாமி துணியில் கை வைத்தால் என் வீட்டுக்காரர் கட்டுமரம் கடலில் இறங்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். சாரதாம்பாள் அம்மாவுக்கு நான் எந்த முகத்தோடு சொல்லி அனுப்புவேன்?

5. நான் ஆறு பெற்றேன். இரண்டு மண்ணுக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் போட்டோ இல்லை, பள்ளிக்கூடத்தில் பேர் இல்லை. பிறந்ததற்கு என் வயிற்றில் உள்ள கோடுகள்தாம் சாட்சி. அவற்றை இத்தனை நாள் மறைத்தே வந்தேன். ஒரு பெண் அப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்து, கோணலாக்காமல், கேலி பண்ணாமல், அத்தனை மரியாதையாகச் செய்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு குளிக்கும்போது நான் அவசரமாகத் துணி சுற்றிக்கொள்வதில்லை.

6. இம்மனுவை எழுதும் மணவாளன் ஐயா, "வயிறுன்னு வேணாம், உருவம்னு போட்டுடலாம்மா" என்றார். வயிறு என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் பூச்சு வேலையை நிறுத்த உத்தரவிட்டு, கொட்டகைக்கு ஒரு சர்க்கார் ஆளை அனுப்பி வைக்குமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றால் போதும். ஊர் பார்க்க, புடவையை நானே அவிழ்த்துக்கொள்கிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 8-8-1966

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ராணியம்மாள்
(இடது பெருவிரல் ரேகை)