கண்ணாடி கன்டென்சரும் அரக்கும்

12.6.94, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லி செண்பகம் இரண்டு தடவை கத்தியாயிற்று. எழுந்திருக்கவில்லை. கையில் ஈயம் பற்றவைக்கிற சூடான சால்டரிங் கம்பி. பெண்டாட்டிக்கு இதெல்லாம் புரிந்துவிடுமா என்ன.

சிநேகிதன் காஜாவுக்கான பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி. காலால் மிதித்தால் கிட்டார் உறுமும், மறுபடி மிதித்தால் சாது. இதுவரை ஏழு செய்திருக்கிறேன். இதுதான் முக்கியம். 22-ம் தேதி சென்னையில் ஓர் இசையமைப்பாளர் முன்னால் வாசிக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்துப்போனால் ரிக்கார்டிங்கில் நிரந்தர இடம். இல்லாவிட்டால் அவன் மச்சான் எடுத்து வைத்திருக்கிற துபாய் விசா, குடோன் வேலை. முப்பத்துமூன்று வயது, இரண்டு பெண் குழந்தைகள். இனிமேலும் கல்யாண வீட்டுக் கச்சேரி என்று மேலப்பாளையத்தில் சொல்லிக்கொண்டு திரிய முடியாதாம்.

கீச்சையும் அடிக்குரலையும் பிரிக்கிற இடத்தில் ஒரு கன்டென்சர். எல்லாம் அதில்தான். மாற்றி மாற்றி வைத்துக் கேட்டது:

பழுப்பு வட்டு (செராமிக்). மணலை மென்ற மாதிரி. பல் கூசுகிறது.
பச்சை (மைலார்). பரவாயில்லை. தூங்குமூஞ்சி.
கண்ணாடி (பாலிஸ்டைரீன்). இதுதான்! ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக.

கண்ணாடி இந்த ஊரில் கிடைக்காது. காஜாவின் அந்த மச்சான்தான், காயல்பட்டினத்துக்காரர், துபாயிலிருந்து வந்தபோது பத்து கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சுருட்டிய வெள்ளித்தாள் அப்படியே தெரியும்.

சாயங்காலம் காஜா வந்தான். சுவரைப் பார்த்து உட்காரவைத்து மூன்றையும் கேட்கவைத்தேன்.

"எது நல்லாருக்கு, சொல்லுலே."

"எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கு. பழுப்பையே வச்சிரு, போதும்."

பதினைந்து வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறவன் காது! கோபத்தில் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

14.6, செவ்வாய்

தபால் ஆபீசில் பார்சல் கவுண்டர். இன்று அறுபதுக்கு மேல். பதினோரு வருஷமாக அரக்கு உருக்கி முத்திரை வைக்கிற கை. விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை.

திரும்பும்போது ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சி கடை. மூன்றையும் மீட்டரில் வைத்து அளந்தார்.

"பழுப்புல எழுதியிருக்கது ஒண்ணு, உள்ள இருக்கது ஒண்ணு வே. அளவு சரியா இருக்கதாப் பொறுக்கிப் போட்டா எல்லாத்துலயும் ஒரே சத்தந்தான் வரும். நீரு கேக்கது அளவு வித்தியாசத்த. சாதி வித்தியாசத்த இல்ல."

பழைய வால்வு ரேடியோ ஆசாமி. அவருக்கு உறுமலைப் பற்றி என்ன தெரியும். கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"கண்ணாடிக்குச் சூடே ஆகாது, பாத்துக்கிடும். அதோட கம்பிக் கால குறடால புடிச்சிக்கிட்டு சால்டர் வையும். இல்லேன்னா உருகிப்போவும்."

தெரியாதா எனக்கு.

18.6, சனி

முடிந்தது. ஒயரிங் வேலைக்கு விற்கிற இரும்புப் பெட்டிக்குள் எல்லாம் அடக்கம். கண்ணாடிக்கு மட்டும் குறடு, ஈரத்துணி, மூன்று எண்ணுவதற்குள் கம்பியை எடுத்தேன். பிள்ளைக்கு ஊசி போடுகிற மாதிரி.

காஜா வாசித்தான். பக்கத்து வீட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்தினார். சாத்தட்டும். காஜா நிறுத்திவிட்டுக் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "ஏலே, இது நான் வாசிச்சதா?" என்றான். கண் கலங்கியது எனக்குத்தான். அவன் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. காரணம் டேனியல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரிக்கென்று என் பெடலை இரவல் வாங்கிப் போன கீபோர்டுக்காரன். அடுத்த மாதமே அதே பெடல் மூன்று, மேலே அவன் பெயர் பெயின்ட்டில். கேட்டதற்கு, "சர்க்யூட் என்ன ஒம்ம வீட்டுச் சொத்தாவே?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். இன்னும் எரிகிறது.

21.6, செவ்வாய்

காற்று. தூசி. அரை நாள் லீவு. காஜாவுக்கு சாயங்காலம் ரயில்.

சென்னையில் எவனாவது திறந்து பார்ப்பான். எவனாவது என்ன, காஜாவே காட்டுவான். வெள்ளந்தி. யார் கேட்டாலும் "பாருங்கண்ணே" என்று திருப்புளியைக் கையில் கொடுக்கிறவன். அதோடு, அங்கே இடம் கிடைத்தபின் என்னை எதற்கு நினைக்கப்போகிறான்? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நினைத்தது நிஜம்.

பேட்டைத் தெரு கடையில் ஆறு குச்சி அரக்கு. கரண்டியில் உருக்கி சர்க்யூட் மேலேயே ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க. எந்தப் பாகம் எங்கே என்று ஒருத்தனுக்கும் தெரியாது. மூடி, நாலு திருகாணித் தலையிலும் ஒவ்வொரு அரக்குப் பொட்டு. பழைய செப்புக்காசை அமுக்கி முத்திரை. ஆபீஸ் பழக்கம்.

"வீடெல்லாம் அரக்கு நாத்தம், போகவே மாட்டேங்கு" என்று செண்பகம்.

மறுபடி வாசித்துப் பார்க்க நேரமில்லை. பிளாட்பாரத்தில் கொடுத்தேன்.

"என்ன ஆனாலும் தெறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சிரித்தான். "அல்லா மேல ஆணையா தெறக்க மாட்டேம்லே. போதுமா?"

24.6, வெள்ளி

அவனிடமிருந்து தகவல் இல்லை. நல்ல தகவலாக இருந்தால் அன்றைக்கே போன் வந்திருக்கும். கவுண்டரில் ஒரு கிழவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம்.

26.6, ஞாயிறு

காஜா வந்தான். ஆகவில்லை.

அவன் முகத்தைப் பார்க்கும் முன் பெட்டியைத்தான் பார்த்தேன். நாலு முத்திரையும் உடையாமல். அதைப் பார்த்து நிம்மதி வேறு, ஒரு நொடி. என்ன பிறவி நான்.

"மிதிச்சா ஒரே கும்முனு இருந்துச்சு. கம்பளியப் போத்துனாப்ல. திருகு எந்தப் பக்கம் திருப்புனாலும் அதே கும்மு. அந்தாளு ஒரு நிமிசம் கேட்டாரு. 'தம்பி, சத்தம் தெளிவா இல்லையே'ன்னாரு. அங்கன ஒரு மெக்கானிக் நல்ல மனுசன். 'தொறந்து பாக்கட்டுமா, அஞ்சு நிமிசந்தான்'னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னுட்டேன். சத்தியம் பண்ணிருக்கம்லா."

பெடல் இல்லாமல் வாசிக்கட்டுமா என்று கேட்டானாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நசீபு இல்லலே, எனக்குக் குடுத்து வைக்கல. ஒன் மேல தப்பில்ல, என் கைதான் நடுங்கிருக்கும்." பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

27.6, திங்கள்

ஆபீஸ் போகவில்லை. முத்திரையை நானே உடைத்தேன். அரக்கைச் சூடு காட்டாமல், உளியால் பொடிப் பொடியாகப் பெயர்த்தேன். மதியம் வரை.

எதிர்பார்த்ததுதான். கண்ணாடி சுருங்கி, நசுங்கி, வெள்ளித்தாள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கிறது. மீட்டர் வைத்தேன். முழு ஷார்ட். பிரிக்க வேண்டியது பிரிக்காமல் அடிக்குரலை அப்படியே விட்டிருக்கிறது. குறடும் ஈரத்துணியும் வைத்துக் காப்பாற்றிய அதே கையால் ஒரு கரண்டி கொதிக்கிற அரக்கு.

டப்பாவில் கிடந்த பழுப்பு வட்டுகளை அளந்து, சரியான அளவில் ஒன்றைப் போட்டேன். வாசித்தேன். 18-ம் தேதி சனிக்கிழமை கேட்ட அதே சத்தம். கண்ணை மூடி எத்தனை தடவை கேட்டாலும் அதே சத்தம்.

இது அரக்கிலும் பிழைத்திருக்கும். பழுப்பையே வைக்கச் சொல்லி காஜா அன்றைக்கே சொன்னான்.

3.7, ஞாயிறு

வெயில். காஜா நாளைக்கு திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறான். மேலப்பாளையத்தில் அவன் வீட்டில் கூட்டம், பிரியாணி. கிட்டாரைத் துணி சுற்றிப் பரணில் போட்டாயிற்று. சின்ன மகள் அவன் சட்டையை விடவே இல்லை.

சொல்லிவிடுவதென்றுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். அரக்கு என்று சொன்னால் எதற்கு அரக்கு என்று கேட்பான். உன்னை நம்பாமல் என்று எப்படிச் சொல்ல.

வாசல்வரை கூட வந்தான். அவனே கேட்டான்.

"பொட்டியத் தொறந்து பாத்தியா? என்ன கோளாறு?"

"கண்ணாடி கன்டென்சர். ஒங்க மச்சான் கொண்டாந்தது. டூப்ளிகேட்டு."

வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் மச்சான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

காஜா என் தோளில் கை போட்டான். "அவருக்கு என்னலே தெரியும், பாவம், கடைக்காரன் ஏமாத்திருப்பான். அவருட்ட சொல்லிராத, வருத்தப்படுவாரு. நான் அங்கன போயி நல்ல ஒரிஜினலாப் பாத்து வாங்கி அனுப்புதேன். எந்த நம்பர்னு எழுதிக் குடு."

பேனாவையும் அவனே கொடுத்தான். எழுதிக் கொடுத்தேன். தெளிவான எழுத்து, கை நடுங்கவே இல்லை.